லாக்கைத் திருத்துவது செயலிக்குள்ளா, கலெக்டரிலா?

மட்டக்களப்பில் ஒரு நெல் ஆலைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பில் மென்பொருளில், லாக் (செயலி நடப்பதை எழுதிவைக்கும் பதிவு) வரிகளோடு விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கமும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை மறைக்க, லாக் போன்றவற்றைச் சேகரித்து அனுப்பும் திறந்த மூலக் கருவித்தொகுப்பான ஓப்பன்டெலிமெட்ரியில் இரண்டு வழி: செயலிக்குள் சொந்தமாக ஒரு லாக் ப்ராசசர் (ஒவ்வொரு பதிவையும் அனுப்புமுன் கையாளும் துண்டு நிரல்), அல்லது வெளியே ஓடும் கலெக்டருக்கு (செயலிகளிடமிருந்து லாக்கை வாங்கி மேலே அனுப்பும் தனி நிரல்) கோ மொழியில் ஒரு ப்ராசசர்.

முதலாவதில் எழுதவேண்டியது கொஞ்சம்தான். ஆனால் அதை, பதிவுகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் பேட்ச் ப்ராசசருக்கு முன்னால் பதியுங்கள், பின்னால் போட்டால் மறைக்காத இலக்கமே போய்விடலாம். அப்புறம், லாக் எழுதும் அதே திரெட்டில்தான் (செயலியின் வேலை நடக்கும் ஓட்டம்) நம் ப்ராசசரும் ஓடும், அதற்குள் டேட்டாபேஸைத் தொட்டால் கவுண்டரில் நிற்கிற ஆள் காத்திருக்க வேண்டியதுதான். பேட்ச் வரிசையும் இயல்பாக 2048 பதிவுகள், அதுவும் நினைவகத்தில். அறுவடை நேரம் கரண்ட் போனால் அனுப்பாததெல்லாம் போச்சு.

கலெக்டரில் வரிசையை டிஸ்கில் வைக்கலாம், ஜாவாவோ பைத்தானோ எல்லாச் செயலிக்கும் ஒன்றே போதும். ஆனால் சொந்த ப்ராசசரைச் சேர்க்க கலெக்டரையே மூல நிரலிலிருந்து திரும்ப பில்ட் பண்ண வேண்டும்.

இலக்கம் செயலியை விட்டு வெளியே போகவே கூடாது, அதனால் மறைப்பதை உள்ளேதான் வைத்தேன். லாக் புலங்களின் பெயர் மாற்றம் போன்றவை கலெக்டரில். அதற்கு கலெக்டருக்கென்று ஏற்கனவே இருக்கும், பதிவுகளை மாற்றியமைக்கும் ட்ரான்ஸ்ஃபார்ம் ப்ராசசரே போதும், கோ எழுதத் தேவையில்லை.