ஹுவேயில் நாள் வாடகைக்குக் கார் பேசுகிறவர்கள் கவனத்துக்கு

வியட்நாமில் ஹுவே போகத் திட்டமிட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே நாள் வாடகைக்குக் கார் பேசிய எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். பணம் போனதைவிட, அப்பா ரொம்ப ஆசைப்பட்ட இடங்களைப் பார்க்கவிடாமல் ஒரு நாளையே விழுங்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம் ஹுவே. கோட்டையும் அரண்மனையும் ஊருக்குள்ளேயே, பெர்ஃப்யூம் ஆற்றின் வடகரையில் இருக்கின்றன. அரசர்களின் சமாதிகள் ஊருக்குத் தெற்கே குன்றுகளுக்கு நடுவில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. து டுக் சமாதி சுமார் 7 கிலோமீட்டர், காய் தின் சமாதி 10, மின் மாங் சமாதி 12, அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஏழடுக்குக் கோபுரம் உள்ள தியென் மு புத்தர் கோயில் வேறு திசையில். வயதானவர்களை அழைத்துக்கொண்டு போனால் கார் இல்லாமல் ஆகாது. ஏமாற்றுகிறவர்களுக்கும் அது தெரியும்.

நாங்கள் தங்கிய ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் கடை. காலை 8 முதல் மாலை 5 வரை ஏசி கார், மூன்று சமாதிகள், தியென் மு, எல்லாம் சேர்த்து 12 லட்சம் டாங் என்றார்கள். நம் பணத்தில் சுமார் 4,000 ரூபாய். முழுப் பணமும் முன்னாலேயே கட்டினால்தான் வண்டி வரும் என்றதால் கட்டினோம். ரசீதில் எழுதிக் கொடுத்தது 'சிட்டி டூர், கார்' என்று மட்டும்.

வண்டி வரும்போதே மணி 9. முதலில் போனது ஊதுபத்திக் கிராமத்துக்கு. து டுக் சமாதிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது, கலர் கலராக ஊதுபத்திக் கட்டுகளை விரித்து வைத்திருப்பார்கள், பார்க்க அழகு. பத்து நிமிஷம் போதும். ஆனால் டிரைவர் வண்டியைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அப்புறம் ஒரு எம்பிராய்டரி கடை, அடுத்து ஒரு பட்டுக் கடை. வேண்டாம் என்று சொல்லியும் வண்டி அங்கே நின்றது. கடைகளில் அவருக்குக் கமிஷன்.

து டுக் வாசலை அடையும்போது மணி 11 தாண்டிவிட்டது. அரசர் உயிரோடு இருக்கும்போதே, 1864 முதல் 1867 வரை கட்டி, ஓய்வெடுக்க வந்து தங்கிய இடம் அது. ஏரி, அதன் கரையில் மர மண்டபம், பைன் மரங்கள். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் டிரைவரிடமிருந்து போன்.

சாப்பாட்டுக்குத் தூரத்தில் ஒரு ஓட்டல், அதில் ஒன்றரை மணி நேரம். தியென் முவுக்குப் படகில் போனால் சீக்கிரம் என்று சொல்லிக் கரையில் இறக்கிவிட்டார். படகு ஆமை வேகம். இறங்கும்போது படகுக்காரம்மா தனியாக 3 லட்சம் டாங் கேட்டார். கோயிலைப் பார்த்து வெளியே வந்ததும் டிரைவர் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: மின் மாங்கும் காய் தின்னும் ஊருக்கு வெளியே, போக வேண்டுமானால் இன்னும் 6 லட்சம். அப்போது மணி 4. கொடுத்தாலும் உள்ளே போய்ப் பார்க்க நேரமில்லை. அப்பா, "சரிப்பா, ரூமுக்கே போயிடலாம்" என்றார். கடையில் போய்க் கேட்டால் ரசீதைக் காட்டி, சிட்டி டூர் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒரு டாங்கூடத் திரும்பவில்லை.

காலை நேரத்தைக் கடைகளில் கரைத்துவிட்டு, மாலையில் தூரத்து இடங்களுக்குத் தனி விலை வைப்பதுதான் இவர்கள் வழக்கம். அதனால் தூரமான மின் மாங்கை முதலில் வையுங்கள், ஊருக்குப் பக்கத்தில் இருப்பதைக் கடைசியில். எந்தெந்த இடம், எத்தனை மணி வரை, கடைகளில் நிறுத்தக் கூடாது, மொத்தம் எவ்வளவு, எல்லாவற்றையும் வியட்நாமிய மொழியில் எழுதி வாங்குங்கள். தொகையை எல்லாப் பூஜ்யங்களோடும் எழுதச் சொல்லுங்கள். அங்கே பேச்சில் ஆயிரத்தை விட்டுவிட்டு 50 என்பார்கள், அது 50,000 டாங். கோட்டையைச் சுற்ற சைக்ளோ (அந்த ஊர் சைக்கிள் ரிக்‌ஷா) ஏறினால் அது ஆளுக்கா, வண்டிக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 20,000, 500,000 இரண்டு நோட்டுமே நீலம், வெளிச்சத்தில் பார்த்துக் கொடுங்கள். முன்பணமாகப் பாதிக்கு மேல் தர வேண்டாம். நுழைவுச் சீட்டை வாசலில் நீங்களே வாங்குங்கள், அரண்மனைக்கும் சமாதிகளுக்கும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு உண்டு.

மறுநாள் கிராப் ஆப்பில் (நம் ஊர் ஓலா, ஊபர் மாதிரி) கார் பிடித்து மின் மாங்கும் காய் தின்னும் போய் வந்தோம். கடைக்குக் கொடுத்ததைவிட ரொம்பக் குறைவாகத்தான் ஆனது. காய் தின் சமாதியின் உள்சுவர் முழுக்கப் பீங்கான், கண்ணாடித் துண்டுகள் பதித்த வேலைப்பாடு, அப்பா அங்கிருந்து நகரவே இல்லை. படிகள் மட்டும் அதிகம், முட்டி வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். மின் மாங் பக்கம் திரும்பி வர ஆப்பில் வண்டி சுலபமாகக் கிடைக்காது. போகிற காரையே காத்திருக்கச் சொல்லி, அதற்கு எவ்வளவு என்பதை இறங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.