ஆர்டிஎக்ஸ் 60 வரட்டும் என்று காத்திருக்கலாமா? ஒரு காரைக்குடிக் கணக்கு

"அடுத்த சீரிஸ் வரப்போகுதாமே, இப்பப் போய் இதை வாங்கணுமா?" கிராபிக்ஸ் கார்டு பேச்சு எடுத்தால் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். அடுத்த சீரிஸ் என்பது என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 60 வரிசை. விலை ஏறுகிறது, இன்றைக்கே எடுங்கள் என்பார் கடைக்காரர். யாரோ கழற்றி விற்கிற பழைய கார்டு போதும் என்பார் நண்பர். கேம் ஆடும் கல்லூரிப் பையனையும் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரரையும் மனதில் வைத்து இந்த மூன்று வழிகளையும் பார்ப்போம். இருவருக்கும் விடை ஒன்றல்ல.

முதலில் காத்திருப்பது. என்விடியாவின் 20 வரிசை 2018 செப்டம்பரில் வந்தது, 30 வரிசை 2020 செப்டம்பரில், 40 வரிசை 2022 அக்டோபரில், 50 வரிசை 2025 ஜனவரியில். இடைவெளி இரண்டு வருடத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. இதே நடையில் போனால் அடுத்தது 2027-இல். இது என் கணக்குதான், கம்பெனி சொன்ன தேதி இல்லை.

ஆனால் அந்தத் தேதியில் வருவது நம் கார்டு இல்லை. ஒவ்வொரு முறையும் முதலில் இறங்குவது லட்ச ரூபாய்க்காரர்களுக்கான பெரிய கார்டு. கார்டு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வரிசை, கடைசி இரண்டு தரம்: 80, 90 என்றால் பெரிசு, 60 என்றால் நடுத்தரம். 3080 வந்து ஐந்து மாதம் கழித்துத்தான் 3060 வந்தது. 4090-க்கும் 4060-க்கும் நடுவே எட்டு மாதத்துக்கு மேல். 5090-க்குப் பிறகு 5060 வர நான்கு மாதம். அப்புறம் அது இந்தியாவுக்கு வந்து, 18 சதவீத ஜிஎஸ்டி ஏறி, முதல் மாதத்து அடிதடி ஓய்ந்து, விலை நிதானத்துக்கு வரவேண்டும். ஆக, நடுத்தர பட்ஜெட்காரர் 'அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கிறேன்' என்றால், செய்தி வந்த நாளிலிருந்து இன்னொரு அரை வருடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பதற்கு உருப்படியான காரணம் ஒன்று உண்டு: கார்டிலேயே இருக்கும் மெமரி. 2021-இல் வந்த 3060-இல் 12 ஜிபி. 2023-இன் 4060-இல் 8 ஜிபி. 2025-இன் 5060-இலும் அதே 8 ஜிபி. இதில் கஞ்சத்தனமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. 5060-இன் மெமரிப் பாதை, அதாவது மெமரி சிப்புகளைக் கார்டின் மூளையோடு இணைக்கும் வழி, 128 பிட் அகலம். ஒரு சிப்புக்கு 32 பிட் என்றால் நான்கு சிப் வைக்கலாம். சிப்புக்கு 2 ஜிபி, மொத்தம் 8. போர்டின் பின்பக்கமும் நான்கு சிப் ஒட்டினால் 16 ஆகும், விலையும் கூடும். இப்போது ஜிடிடிஆர்7 என்ற புது வகை மெமரியில் 3 ஜிபி சிப் வந்துவிட்டது. லேப்டாப் 5090-இல் 24 ஜிபி வந்தது அதனால்தான். அதே நான்கு இடத்தில் இதை வைத்தால் சின்னக் கார்டிலும் 12 ஜிபி கிடைக்கும். அடுத்த தலைமுறையில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான், வேகத்தை அல்ல. ஆனால் 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் சிப் விலை ஏறிக் கிடக்கிறது. 12 ஜிபி வந்தாலும் பழைய விலைக்கு வரும் என்று நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

சரி, இப்போதே வாங்குவதென்றால்? 8 ஜிபி கார்டைத் தொடாதீர்கள். புதுக் கேம்கள் சில 1080பி-யிலேயே (சாதாரண ஃபுல் ஹெச்டி திரை) அதைத் திணறடிக்கின்றன. 5060-இன் அண்ணனான 5060 டிஐ-யின் 16 ஜிபி மாடலும் (அறிமுக விலை 429 டாலர்), இன்னொரு கம்பெனியான ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி-யின் 16 ஜிபி மாடலும் (349 டாலர்) நேருக்கு நேர் போட்டி. கேம் மட்டும் என்றால் என் ஓட்டு ஏஎம்டிக்கு. விலை மட்டும் காரணம் இல்லை. 5060 டிஐ மதர்போர்டோடு எட்டு லேனில்தான் (தரவு போகும் தடம்) பேசும், 9060 எக்ஸ்டி பதினாறில். நம் ஊரில் பலர் வைத்திருப்பது பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் ஸ்லாட்டின் பழைய, வேகம் குறைந்த தலைமுறை) காலத்துப் பழைய போர்டு. அதில் எட்டு லேன் இடுக்குச் சந்துதான். இன்டெல் பி580 12 ஜிபியோடு 249 டாலருக்கு வந்தது, மலிவுதான். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்டும் வசதி) இல்லாத போர்டில் அது படுத்துவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு வேண்டாம்.

கரண்ட் விஷயத்தையும் பார்க்க வேண்டும். 9060 எக்ஸ்டி சுமார் 160 வாட், அதைவிடப் பெரிய கார்டுகளில் என்விடியா 5070 என்றால் 250, ஏஎம்டி 9070 எக்ஸ்டி 304. தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மாத பில்லில் முதலாவது 38 யூனிட், கடைசியது 73 யூனிட். கடையில் சாதாரணமாகத் தருகிற 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் போல. 9070 எக்ஸ்டியை அதில் மாட்டினால், கேம் நடுவே கரண்ட் போன அடுத்த நொடி மொத்தமும் அணைந்துவிடும். சித்திரை வெயிலில் மாடி ரூமில் ஆடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், 300 வாட்டும் அந்த ரூமில் சூடாகத்தான் இறங்கும். கனமான சுவர் வைத்த வளவு வீட்டில் கீழ்க்கட்டில் உட்காருபவர் பாக்கியவான்.

பழைய கார்டு? காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழசு ஆக ஆக விலை ஏறும்; கார்டு அந்தச் சாமான் இல்லை. என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 1660 நன்றாக ஓடினாலும் அதில் ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லை. 2025-இல் வந்த டூம் போன்ற கேம்கள் அதில் திறக்கவே திறக்காது. வாங்கினால் 3060 12 ஜிபி, அதுவும் பில்லோடு, ஓட்டிப் பார்த்து. கேம் ஆடுகிறவர்களில் கையில் ஏற்கெனவே 3060 12 ஜிபி இருப்பவர் மட்டும் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

எங்கே வாங்குவது என்பது சின்ன விஷயம். காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியம் சென்னை எழும்பூர், அங்கிருந்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகளின் ரிச்சி தெரு. ஆனால் மிச்சம் பிடிக்கும் பணம் பெரிதாக இல்லையென்றால் உள்ளூர்க் கடைக்காரரே மேல். வாரண்டிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது அவர் பாடு.

ஸ்டூடியோக்காரருக்குத்தான் பதில் தெளிவு. இப்போதைய கேமராக்களில் பலர் 4:2:2 10 பிட்டில் (நிற விவரம் அதிகம் வைக்கும் வீடியோ வகை) எடுக்கிறார்கள். அந்த ஃபைலைக் கார்டிலேயே பிரித்துப் படிக்கும் வசதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. 3060 வைத்திருந்தால் அந்த வேலை கார்டுக்குப் போகாது, பிரிவியூ தடுக்கித் தடுக்கி ஓடலாம். அவருக்கு 5060 டிஐ 16 ஜிபி, இப்போதே. மாட்டுவதை மட்டும் ஆடிக்குத் தள்ளட்டும்: கல்யாணம் இல்லாத மாதம், டிரைவர் தகராறு செய்தாலும் ஆவணி முகூர்த்தத்துக்குள் சரிசெய்துவிடலாம்.