பினாங்கு நிலக்காட்சி: வண்ணமா, கறுப்பு வெள்ளையா?

பினாங்கில் கேமரா பிடிக்கிற நாலு பேர் சேர்ந்தால் இந்த வாக்குவாதம் வராமல் இருக்காது. நான் கறுப்பு வெள்ளைக் கட்சி. ஆனால் எல்லா இடத்துக்கும் இல்லை.

கடல் வற்றிய நேரம் ஜார்ஜ் டவுனின் வெல்ட் கீ பக்கம், கடல்மேல் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியில் போய் நில்லுங்கள். பலகை வீடுகளைத் தாங்கும் கால்கள், அவற்றில் அப்பியிருக்கும் சிப்பிகள், ஈரம் மினுங்கும் சேறு, சாய்ந்து கிடக்கும் படகு. வண்ணத்தில் எடுத்தால் யாரோ காயப்போட்ட மஞ்சள் சட்டையும் நீல வாளியும்தான் முதலில் கண்ணை இழுக்கும். நிறம் போனதும் கால்களின் வரிசையும் சேற்றின் பளபளப்பும் முன்னுக்கு வந்துவிடும். கொடிமலையிலும் (பினாங்கு ஹில்) அப்படித்தான். 833 மீட்டர் உயரத்துக் காலை மூடுபனி வண்ணப் படத்தில் சோர்ந்துபோன சாம்பல் நீலமாக விழும். கறுப்பு வெள்ளையிலோ முன்னாலிருக்கும் மரம் கருத்து நிற்க, பின்னால் போகப்போக ஒவ்வொரு மலைமடிப்பும் வெளுத்துக்கொண்டே போகும். தூரம் அப்போதுதான் தெரியும்.

காட்டுக்குள் நுழைந்தால் என் கட்சி தோற்றுவிடும். பச்சை எல்லாம் ஒரே சாம்பல். ஒரு சிவப்புச் செம்பருத்தியை எடுத்து அப்படியே மாற்றிப் பாருங்கள்: சிவப்புக்கும் பச்சைக்கும் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பூ இலையோடு கலந்து காணாமல் போய்விடும். பத்து ஃபெரிங்கி கடற்கரையின் அந்தி வானத்தையும் வண்ணத்துக்கே விட்டுக்கொடுக்கிறேன். அங்கே நிறம்தான் படமே.

“ஆன்செல் ஆடம்ஸ் மாதிரி வானத்தைக் கறுப்பாக்கலாமே?” என்று கேட்பார்கள். கறுப்பு வெள்ளை நிலக்காட்சிக்குப் பேர்போன அமெரிக்கப் படக்காரர் அவர். 1927-இல் கலிஃபோர்னியாவில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில், அதாவது லென்ஸில் மாட்டும் நிறக் கண்ணாடியில், எடுத்தார். அப்புறம் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டியதும் வானம் கறுத்தது. சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும், அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் வானமோ ஈரப்பதத்தில் அடிக்கடி வெள்ளையாகக் கிடக்கிறது. தடுக்க நீலம் வேண்டாமா? மழை விட்டு வானம் தெளிந்த மாலையில் அந்த வித்தை பலிக்கும். புகைமூட்டக் காலத்தில் அந்த ஆசையும் வேண்டாம்.

ஃபிலிம் விற்கும் விலையில் எனக்கு டிஜிட்டலே போதும். ஆனால் கேமராவின் மோனோ (கறுப்பு வெள்ளை) அமைப்பில் வெறும் ஜேபெக் (JPEG) படமாக எடுக்காதீர்கள், நிறம் திரும்பக் கிடைக்காது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலில் அது உள்ளேயே இருக்கும். எடிட்டிங் மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது, நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் ஸ்லைடர்களில் சிவப்பை ஏற்றினால் செம்பருத்தி வெளுத்து, இலையிலிருந்து பிரிந்து வரும். இலையை இருட்டாக்கப் பச்சை ஸ்லைடரோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம், மஞ்சளையும் இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான இலைகள் அதற்குத்தான் அதிகம் மசியும்.