அப்பாவின் ஸ்விஃப்ட்டும் மூன்று ஆயில் ஃபில்டர்களும்

இந்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியில், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்சும், மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் வெர்னியர் காலிப்பரும் எடுத்துப் போனேன். நியூஜெர்சியில் என் கொரோலா காருக்கு எட்டு வருடமாக நானேதான் ஆயில் மாற்றுகிறேன். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு கும்பகோணத்திலிருந்து அப்பா போன் செய்தார். "வண்டி நிக்கிற இடத்துல சொட்டு சொட்டா ஆயில் விழுதுப்பா. சர்வீஸுக்கு விட்டு ஒரு மாசம்கூட ஆகல" என்றார். எழுபத்திரண்டு வயதில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அவர் நம்பியிருப்பது அந்த ஒரு வண்டியைத்தான்.

வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல். அதில் இருப்பது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி கார்களில் ஓடியதால் 'தேசிய எஞ்சின்' என்றே பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் ஊரில் அந்த எஞ்சின் இன்னும் ஏராளமாக ஓடுகிறது. கசிவு என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, ஆயிலை வடிகட்டும் ஆயில் ஃபில்டர்தான். இதிலும் என் கொரோலாவிலும் அது ஒரே வகைதான். டப்பாவோடு திருகிக் கழற்றும் ஃபில்டர் இல்லை, கார்ட்ரிட்ஜ். கூடும் மூடியும் எஞ்சினிலேயே நிரந்தரமாக இருக்கும். உள்ளே இருக்கும் மடிப்புக் காகித உருளையையும் மூடியின் ரப்பர் ஓ-ரிங்கையும் மட்டும் புதிதாகப் போட வேண்டும்.

டப்பா வகையில் தகரம், வால்வு, காகிதம், ரப்பர் எல்லாமே ஒவ்வொரு முறையும் புதிதாக வந்துவிடும். கார்ட்ரிட்ஜில் அப்படி இல்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியானாலோ எஞ்சின் ஆயில் இல்லாமல் தவிக்காதபடி திறந்துவிடும் பைபாஸ் வால்வு பெரும்பாலும் கூட்டிலேயே இருக்கும். வெளியில் வாங்கும் ஃபில்டரில் நாம் பார்க்க வேண்டியது காகிதம், உயரம், இரண்டு முனைகள், ரிங், இவ்வளவுதான். ரிங் பிசகினால் ஆயில் வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மற்றவற்றில் ஒன்று பிசகினால் ஆயில் காகிதத்துக்குள் போகாமல் பக்கவாட்டில் புகுந்து, வடிகட்டப்படாமலே பேரிங்குகளுக்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. எனக்குக் கவலை அதுதான்.

சென்னையில் இறங்கியதும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். வண்டிச் சாமான் வாங்க அந்தத் தெருவை விட்டால் வேறு தெரு எனக்குத் தோன்றாது. கடைக்காரர் சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் சாமான் எடுத்தார். அங்கேயே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. "கம்பெனி பெட்டி வேணுமா, பிராண்டட் வேணுமா, லோக்கல் போதுமா சார்?" என்றார். மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினேன். கம்பெனி பெட்டி என்றது கார் கம்பெனியின் பெயரிலேயே வருவது. பிராண்டட் என்றது கார் கம்பெனிகளுக்கே ஃபில்டர் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் சொந்தப் பெட்டி. கம்பெனி பெட்டியைவிட விலை கொஞ்சம் குறைவு. லோக்கல் அதில் பாதிகூட இல்லை.

இப்படிக் கடையில் எளிதாக வாங்க முடிவதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு வரவிடாமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் வெளிச் சாமான் போட்டதை மட்டுமே காரணம் காட்டி வாரண்டியை மறுக்கக் கூடாது என்று 1975 முதல் சட்டமே இருக்கிறது.

உழவன் எக்ஸ்பிரஸில் ஊர் வந்து சேர்ந்து, காலையில் திண்ணையில் உட்கார்ந்து மூன்றையும் அளந்தேன். கம்பெனி ஃபில்டரும் பிராண்டடும் உயரத்தில் ஒத்துப்போயின. மடிப்புகள் சீராக, நெருக்கமாக இருந்தன. முனை வளையங்கள் காகிதத்தோடு நன்றாக ஒட்டியிருந்தன. உண்மையில் அச்சைத் தவிர வேறு வித்தியாசம் என் கண்ணுக்குப் படவில்லை. லோக்கல் இரண்டு மில்லிமீட்டர் குட்டை. ஒரு பக்கம் மடிப்புகள் கொத்தாகச் சேர்ந்தும் மறுபக்கம் இடைவெளி விட்டும் கிடந்தன. கூடவே வந்த ரிங், மற்ற இரண்டையும் விட மெலிசு. அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையாடா விக்கிறாங்க?" என்றார்.

அப்புறம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் எஞ்சின் சூடு ஆறும்வரை காத்திருந்து, மூடியைக் கழற்றி ரிங்கைக் கத்தி நுனியால் தூக்கிக் காட்டினார். பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, தட்டையாகிப் போயிருந்தது. "இது போன சர்வீஸுக்கும் முந்தினது தம்பி. ஃபில்டரை மட்டும் மாத்திட்டு ரிங்கை அப்படியே விட்டுட்டாங்க." போன சர்வீஸ் நடந்தது பெரிய ஷோரூமோடு இருக்கும் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில். பில்லில் ஒரிஜினல் ஃபில்டருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்ததும் ஒரிஜினல் ஃபில்டர்தான். அந்தப் பெட்டிக்குள்ளேயே வந்த புது ரிங் எங்கே போனது? அதைப் போட அரை நிமிடம் ஆகுமா? எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

பிராண்டட் ஃபில்டரைப் போடச் சொன்னேன். அண்ணன் புது ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவி, சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். மூடியில் பள்ளம் ஒன்றுக்கு மேல் இருந்தால் ரிங்கைத் தவறான இடத்தில் மாட்டிவிட வாய்ப்பு உண்டு, அப்போதும் கசியும். மூடியை 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். என் கொரோலாவின் மூடிக்கும் அதே அளவுதான். பிளாஸ்டிக் மூடியைக் கைப்பலத்தில் முறுக்கினால் விரிசல் விடும். டார்க் ரெஞ்சு 'டக்' என்றதும் அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு. ரெஞ்சை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்கி, வீட்டில் பிளேடால் கீறி விரித்துப் பார்த்தோம். கறுப்பு மசிதான், உலோகத் துகள் எதுவும் மின்னவில்லை. கார்ட்ரிட்ஜில் இந்த ஒரு வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். டப்பா வகையைத் தகரம் வெட்டித்தான் திறக்க வேண்டும். இதில் எஞ்சினின் உடம்பு நிலை காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

பன்னிரண்டு நாள் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருந்தோம். சுவாமிமலைக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்து நிறுத்தும்போதெல்லாம் அப்பா குனிந்து பார்ப்பார். கிளம்பும் நாள்வரை அட்டையில் கறை இல்லை. கம்பெனி பெட்டியை அடுத்த சர்வீஸுக்கென்று பீரோவில் வைத்திருக்கிறேன். "பழைய ஃபில்டர், பழைய ரிங் ரெண்டையும் கையில வாங்கிட்டுத்தான் காசு குடுக்கணும்" என்று பெட்டியின் மேல் அப்பா தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார்.