பயற்றங்காய் ஃப்ரீசருக்கு: பச்சையாகவா, வெந்நீரில் போட்டெடுத்தா?

டொராண்டோவில் வீட்டுத் தோட்டத்தின் ஆயுள் மே கடைசியிலிருந்து அக்டோபர் உறைபனி வரைதான். ஆகஸ்ட்டில் பயற்றங்காய் பறிக்கப் பறிக்கக் காய்க்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது ஃப்ரீசருக்கு. இங்குள்ள செப்டம்பர் வெயிலை நம்பி வற்றல் போட முடியாது. புளிப்பில்லாத காயைப் போத்தலில் அடைக்க அழுத்தக் கலம் (பிரஷர் கேனர்) வேண்டும். தவறினால் பொட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சு நோய். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

அம்மா எப்போதும் நறுக்கிப் பையில் போட்டு அப்படியே வைத்துவிடுவார். போன வருடம் பாதியை அவர் முறையிலும், பாதியை வெந்நீரில் போட்டெடுத்தும் வைத்தேன். முதல் மாதம் வித்தியாசமே தெரியவில்லை. அம்மா முகத்தில் வெற்றிக்களை. பொங்கலுக்கு மறுநாள் பச்சையாக வைத்த பையைப் பிரித்தால் வைக்கோல் வாடை. நிறம் மங்கியிருந்தது; வதக்கினால் தோல் நார்போல இழுத்தது. மற்றப் பையில் இருந்தது ஆகஸ்ட் மாதத்துப் பச்சை.

காரணம் நொதிகள், அதாவது காயின் நிறத்தையும் சுவையையும் மெல்ல மாற்றும் என்சைம்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகாது. நொதிகளின் வேலையோ மெதுவாகுமே தவிர நிற்காது. அதை நிறுத்துவது சூடுதான். அதுவும் அரைகுறைச் சூடு உதவாது: நேரம் போதாவிட்டால் நொதிகள் தூண்டப்பட்டு, பச்சையாக வைத்ததைவிட மோசமாகும். அரைக் கிலோ காய்க்கு 4 லிட்டர் கொதிநீர், 3 நிமிடம். காய் விழுந்ததும் கொதி அடங்கும். மறுபடி கொதித்த பிறகே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கொதிக்காவிட்டால் காய் அதிகம் என்று பொருள். பிறகு அதே 3 நிமிடம் ஐஸ் தண்ணீரில். துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டால் கட்டிதட்டாது. வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம்.

வேலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆகஸ்ட் புழுக்கத்தில் அடுப்படியில் நிற்க வேண்டும், ஐஸ் போதவே போதாது, வைட்டமின் சி கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறவர்களுக்கு அம்மாவின் வழியே போதும். பச்சை மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் நானே வெந்நீர் காட்டுவதில்லை. கழுவித் துடைத்து நேரே ஃப்ரீசர்தான். கத்தரிக்காயை ஒரே ஒரு முறை, எலுமிச்சைச் சாறு விட்ட கொதிநீரில் 4 நிமிடம் போட்டு வைத்தேன். குழம்புக்குச் சரியாக இருந்தது, பொரியலில் குழைந்துவிட்டது. ஒரு முறை அனுபவத்தில் அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

சமைக்கும்போது உருகவிடாமல், உறைந்தபடியே சூடான சட்டியில் கொட்டுங்கள். பச்சையாக வைத்ததில் இன்னும் மூன்று பைகள் கிடக்கின்றன. புளியைக் கூட்டினால் யாருக்கும் தெரியாது என்கிறார் அம்மா.