சிவப்பு மச்சத்துக்கு எந்த லேசர்? பிடிஎல், அலெக்ஸ், யாக், ஐபிஎல்: எங்க பிள்ளைக்காக அலசுனது

என் மக பொறந்தப்பவே வலது கன்னத்துல இருந்து மேல் இமை வரைக்கும் ரோஸ் கலர்ல ஒரு திட்டு இருந்துச்சு. மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க தோட்டத்துப் பாட்டிங்க வரிசையா வந்து பார்த்தாங்க, ஒருத்தங்க "கிரகணத்தப்ப வெளிய நின்னியாம்மா"ன்னு கேட்டாங்க, இன்னொருத்தங்க "இது போயிரும்டி, என் பேத்திக்கும் இருந்துச்சு, ஒரு வயசுல காணாம போச்சு"ன்னாங்க. முதல்ல சொன்னதுல மனசு மட்டும்தான் வலிச்சுச்சு. ரெண்டாவது சொன்னத நம்பியிருந்தா நல்ல நேரத்தையே விட்டிருப்போம்.

அந்தப் பாட்டி பேத்திக்கு இருந்தது வேற. புருவத்துக்கு நடுவுல வெளிறுன சிவப்பா வர்றது முக்காவாசி தானா மங்கிரும், பிடரியில வர்றது நிறைய பேருக்கு நின்னுரும். ஸ்ட்ராபெர்ரி மாதிரி உப்பி வர்ற கட்டி இருக்கே, அது பொறந்து சில வாரத்துல கிடுகிடுன்னு வளர்ந்து அப்புறம் சுருங்கும், அதுக்கு இப்ப ப்ரோப்ரனோலால்ங்கிற மருந்தே இருக்கு. எங்க பிள்ளைக்கு இருக்கிறது போர்ட் வைன் மச்சம். பொறக்கும்போதே தட்டையா இருக்கும், உடம்பு வளர வளர கூடவே விரியும், வயசாக ஆக கருஞ்சிவப்பாகி தடிக்கும், தானா போகவே போகாது. ஆயிரம் குழந்தையில சுமார் 3 பேருக்கு வருதாம். வயித்துல இருக்கும்போதே சில செல்லுல மட்டும் ஒரு ஜீன் மாறிப்போறதுதான் காரணம்னு 2013ல கண்டுபிடிச்சாங்க. அப்பா வழியும் இல்ல, அம்மா வழியும் இல்ல, கிரகணமும் இல்ல. இத எங்க மாமிக்கு உக்கார வச்சு சொன்னேன், சொன்ன நாள்ல இருந்து அவங்க அந்தப் பேச்சையே எடுக்கல.

லேசர் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒன்னு. மச்சம் நெத்தியிலயோ மேல் இமையிலயோ இருந்தா முதல்ல கண் டாக்டர். கண்ணுல அழுத்தம் ஏறுற வியாதியும், மூளை சம்பந்தப்பட்டு வலிப்பு வர்ற ஸ்டர்ஜ்-வெபர்ங்கிற பிரச்சனையும் சில பிள்ளைங்களுக்கு இதோட சேர்ந்து வரும். லேசர் கலரத்தான் குறைக்கும், இத ரெண்டையும் அது தொடாது. இமை தொட்டிருக்குன்னு தெரிஞ்ச உடனே எங்களுக்கு லெட்டர் குடுத்தாங்க, இன்னைக்கு வரைக்கும் கண் செக்கப் ஒன்னு கூட விடல.

இப்ப மெஷினுக்கு வருவோம். எல்லா கிளினிக்லயும் லேசர், லேசர்னு ஒரே பேரச் சொல்றாங்க, ஆனா உள்ள இருக்கிற வெளிச்சம் ஒவ்வொன்னும் வேற.

பிடிஎல், அதாவது பல்ஸ்டு டை லேசர், வெளிச்சத்தோட அலைநீளம் 595 நானோமீட்டர், பழைய மெஷின்ல 585. மஞ்சள் வெளிச்சம். இந்த வெளிச்சத்த ரத்தத்துல இருக்கிற சிவப்பு நல்லா உறிஞ்சும், சுத்தி இருக்கிற தோல் அவ்வளவா உறிஞ்சாது, அதனால விரிஞ்சு போன அந்தக் குட்டி ரத்தக்குழாய் மட்டும் சூடேறி அடைஞ்சிரும். வெளிச்சம் விழுறதே ஒரு செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான், சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவ நேரமே கிடைக்காது. இந்தக் கணக்க ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு டாக்டருங்க 1983ல எழுதினாங்க. அதுக்கு முன்னாடி ஆர்கான் லேசர் போட்டு எத்தனையோ பிள்ளைங்களுக்கு மச்சம் போன இடத்துல தழும்பு நின்னுருச்சு. இந்தக் கணக்கு வந்த பிறகுதான் பச்சைக் குழந்தைக்கே தைரியமா செய்ய ஆரம்பிச்சாங்க.

நம்ம தோல் கலருக்கு இங்கதான் ஒரு சிக்கல். அந்த வெளிச்சம் ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடி மேல்தோல்ல இருக்கிற கருமைய தாண்டணும், அதுவும் கொஞ்சம் குடிச்சிரும். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வைக்கிற பவர அப்படியே நம்ம பிள்ளைக்கு வச்சா தோல் வெந்து வெள்ளைத் திட்டோ கருப்புத் திட்டோ விழும். அதனால கூலிங் கண்டிப்பா இருக்கணும். வீபீம் மாதிரி மெஷின்ல வெளிச்சம் விழுறதுக்கு ஒரு கண்ணிமைக்கு முன்னாடி 'புஸ்'னு ஜில்லுன்னு ஸ்ப்ரே அடிக்குது, சில மெஷின்ல குளிர்காத்து வருது. அதோட பவர கொஞ்சம் இறக்கி, முதல்ல சின்ன இடத்துல டெஸ்ட் அடிச்சுப் பார்த்துட்டு, சில வாரம் கழிச்சுத்தான் முழுசா. எங்க டாக்டர் காதுக்கு முன்னாடி நாலே நாலு ஷாட் அடிச்சுட்டு அனுப்பிட்டாரு. அன்னைக்கு இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு எனக்குக் கோவம், இப்ப அந்த நாலு ஷாட்டுக்காகவே அவர கும்பிடுவேன்.

ஷாட் அடிச்ச உடனே அந்த இடம் நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி நீலக்கருப்பா மாறும், வட்டம் வட்டமா, காசு அடுக்கி வச்ச மாதிரி. ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் அப்படியே இருக்கும். ரத்தக்குழாய் அடைஞ்சதுக்கு அடையாளமே அதுதான், தெரியாதவங்களுக்கு பயங்கரமா இருக்கும். பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, ஒரு அக்கா காய் நிறுக்கிறத நிறுத்திட்டு "யாரும்மா பிள்ளைய இப்படி அடிச்சது"ன்னு கேட்டுட்டாங்க, நான் அங்கேயே நின்னு அழுதுட்டேன். கொப்புளம் வந்தா மட்டும் உடனே போன் பண்ணணும், மத்தபடி துணியில சுத்துன ஐஸ், வாசலின், நகம் படாம பார்த்துக்கறது, அவ்வளவுதான்.

எத்தனை தடவைன்னு கேக்குறவங்களுக்கு நான் உண்மையச் சொல்லிடுறேன். நாலுலயிருந்து எட்டு வாரத்துக்கு ஒருக்கா, எட்டு பத்து தடவை, அதுக்கு மேலயும் ஆகலாம். முழுசா போறது கொஞ்ச பேருக்குத்தான். நிறைய பேருக்கு நல்லா வெளிறும். நெத்தி, கன்னத்து ஓரம், கழுத்து எல்லாம் சீக்கிரம் கேக்கும். மூக்குப் பக்கம், மேல் உதடு மெதுவா, கை கால் விரல் பக்கம் ரொம்ப மெதுவா. சில வருசம் கழிச்சு திரும்பக் கொஞ்சம் கறுக்கவும் செய்யும், அப்ப மறுபடி ஒன்னு ரெண்டு தடவை போகணும். "அஞ்சு தடவையில கியாரண்டி"ன்னு பேக்கேஜ் விக்கிற இடத்துல இருந்து நாங்க எந்திரிச்சு வந்துட்டோம்.

அலெக்ஸாண்ட்ரைட் 755. இது இன்னும் ஆழமா இறங்கும், தடிச்சு ஊதா ஆகிப்போன மச்சத்துக்கும் பிடிஎல்லுக்கு மசியாததுக்கும் பெரியவங்களுக்கு உபயோகமாகுது. ஆனா தோலோட கருமையும் இத நல்லாவே இழுத்துக்கும், நம்ம நிறத்துல சூடுபட வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு இத முதல் லேசரா வைக்கச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். என்டி யாக் 1064 எல்லாத்தையும் விட ஆழம், கருமை அவ்வளவா இழுக்காது, கேக்க நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. டாக்டர்தான் விளக்கினாரு: ரத்தமும் இந்த வெளிச்சத்த கம்மியாத்தான் இழுக்கும், அதனால பவர ரொம்ப ஏத்தணும், வேலை செய்யுற அளவுக்கும் தழும்பு விழுற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. உதட்டுல தடிப்பு, முண்டு முண்டா வந்தது, அதுக்கு அனுபவப்பட்ட கை இருந்தா சரி. கேடிபி 532, பச்சை வெளிச்சம், கன்றிப்போறது கம்மி, ஆனா ஆழம் போகாது, கருமைய இன்னும் அதிகமா இழுக்கும்.

ஐபிஎல் லேசரே இல்ல. பல நிறம் கலந்த பெரிய ஃப்ளாஷ் வெளிச்சம், ஃபில்டர் போட்டு வெட்டி எடுக்கிறது. வெளியூர்ல நல்ல டாக்டருங்க கையில சிலருக்கு பலன் குடுத்திருக்கு, அத நான் இல்லேங்கல. ஆனா எங்க சொந்தத்துல ஒரு பிள்ளைய ஒரு பியூட்டி கடைக்குக் கூட்டிட்டுப் போயி, டாக்டரே இல்லாத இடம், கூலிங் ஜெல் தடவி அடிச்சு விட்டாங்க, தாடையில சீப்புப் பல்லு மாதிரி வரிசையா வெந்த கோடு. மச்சம் அப்படியே இருக்கு, மேல கோடும் இருக்கு. தயவு செஞ்சு மலிவுன்னு போகாதீங்க. தோல் ஸ்பெஷலிஸ்டா, இல்ல அழகு சிகிச்சைக்கு சுகாதார அமைச்சோட எல்சிபிங்கிற அனுமதி லெட்டர் வச்சிருக்கிற டாக்டரான்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல. அதுக்கும் மேல, குழந்தைக்குச் செஞ்ச அனுபவம் இருக்கான்னு கேளுங்க.

எங்க வீட்டுல மெஷின விட பெரிய சண்டை மயக்க மருந்துக்குத்தான். 2016 டிசம்பர்ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டாங்க, மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு திரும்பத் திரும்பவோ மூணு மணி நேரத்துக்கு மேலயோ மயக்கம் குடுத்தா மூளை வளர்ச்சிய பாதிக்கலாம்னு. லேசர் சில நிமிஷம்தான், ஆனா தடவை அதிகமாச்சே. எங்க வீட்டுக்காரர் மூணு வயசு வரைக்கும் பொறுப்போம்னாரு. டாக்டர் சொன்னது, குழந்தையா இருக்கப்ப தோல் மெலிசு, மச்சமும் சின்னது, பலன் நல்லா இருக்கும், கன்னத்துக்கு மயக்கமே வேணாம், துணியில சுத்திப் பிடிச்சுக்கிட்டா போதும்னு. அஞ்சு மாசத்துல ஆரம்பிச்சோம். மிஸ்ஸி, அதான் நர்ஸ், தலையப் பிடிக்க, நான் கையப் பிடிக்க, கண்ணுக்கு மூடி போட்டு, ரப்பர் பேண்டு சுண்டுற மாதிரி ஒவ்வொரு ஷாட்டும். அழுதா. ரூம விட்டு வெளிய வந்து பால் குடுத்ததும் அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டா, நான்தான் சாயங்காலம் வரைக்கும் நடுங்கிட்டு இருந்தேன். மரத்துப்போற க்ரீம் இருக்கு, ஆனா டாக்டர் சொன்ன அளவுக்கு மேல பச்சைக் குழந்தைக்குப் பூசாதீங்க, அதிகமானா ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கிறதே கெட்டுப்போகும்.

இமை மட்டும் வேற கதை. அதுக்கு கண்ணுக்குள்ள, முழியோட மேலேயே, உலோக மூடி வைக்கணும், அசையவே கூடாது. அத ஒரே ஒரு தடவை மயக்கத்துல செஞ்சோம், அன்னைக்கே மூக்கு ஓரத்தையும் சேர்த்து முடிச்சிட்டாங்க. எதுக்கு மயக்கம் வேணும், எதுக்கு வேணாம்னு இடம் இடமா பிரிச்சுக் கேளுங்க, மொத்தமா சரின்னோ வேணாம்னோ சொல்லாதீங்க.

இப்ப ஏழு தடவை முடிஞ்சிருச்சு. கன்னத்து ஓரம் வெயில்ல நின்னு வந்த பிள்ளை மாதிரி லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான். மூக்குப் பக்கம் இன்னும் பிடிவாதமா இருக்கு. அடுத்த டேட் தைப்பூசத்துக்கு மறுவாரம் குடுத்தாங்க. தாத்தா பால்குடம் எடுக்கிறாரு, பிள்ளை கூடவே நடப்பா, தொப்பி போட்டாலும் முகம் கறுக்கத்தான் செய்யும். கறுத்த தோல் மேல அடிக்கக்கூடாது. போன் பண்ணி மாசிக்குத் தள்ளி வச்சுட்டேன்.