முன்நிபந்தனைக் கடனா, பலனுக்குப் பணமா?

உலக வங்கி அரசுகளுக்குக் கடன் தரும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம். முதலாவது முன்நிபந்தனையோடு வரும் கொள்கைக் கடன். இதில் சட்டத்திருத்தமோ மானியக் குறைப்போ முதலில் நடக்க வேண்டும். பிறகு பணம் நேரே கருவூலத்துக்குப் போகும். 1991-ல் உலக வங்கியிடம் இந்தியா வாங்கிய கட்டமைப்புச் சீர்திருத்தக் கடன் இந்த வகை. கோளாறு என்னவென்றால், அரசாணை வெளியானாலே நிபந்தனை நிறைவேறியதாகிவிடும்.

உலக வங்கி 2012-ல் கொண்டுவந்த பலன் அடிப்படைக் கடனோ சோமனூர்த் தறிக்கூலி மாதிரி. துணியை மடித்து, மீட்டர் அளந்து, இழை அறுந்திருக்கிறதா பார்த்த பிறகே காசு. ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு தொகை. தனி ஆய்வாளர் சரிபார்க்க வேண்டும். அதுவரை பெருஞ்செலவு அரசின் கையிலிருந்துதான். இலக்கைத் தப்பாக வைத்தால் இதுவும் வீண்: பல்லடத்தில் குழாய் இணைப்பை எண்ணினால் குழாய் வரும், தண்ணீர் வராது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வந்தது என்று எண்ண வேண்டும்.

கஜானா காலியான நெருக்கடிக்கு முதலாவது. நகராட்சி வேலைக்கு இரண்டாவதுதாங்க சரி.